என் காலும் ஒன்பதாம் நம்பர் காரும்

மாமா எதைச் சொல்லித் தந்தாலும் பேசிக்கிலிருந்துதான், அதாவது அடிப்படையிலிருந்துதான், ஆரம்பிப்பார். மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். செங்கல்பட்டில் பம்ப்செட் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பேர் வேண்டாம். சொன்னால், “அவர்கிட்டதான் நான் பேசிக் கத்துக்கினேன்” என்று அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் கிளம்பி வந்துவிடுவார்கள். எதற்கு வம்பு.

அவருக்கு நீச்சல் தெரியாது. ஆனால் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மாமல்லபுரம் கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, “மொதல்ல மூச்சு. மூச்சுதான் பேசிக்கு மச்சான்” என்று நெஞ்சை விரித்து மூச்சை இழுத்துக் காட்டினார். அந்த நேரத்தில் வந்த அலை அவரையும் சேர்த்து இழுத்தது. வேட்டியை வைத்துக்கொண்டு ஆளை மட்டும் திருப்பித் தந்தது. என் துண்டை வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டு, “இது அலையோட பேசிக்கு” என்றார். சதுரங்கப்பட்டினத்தில் ஒருநாள் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து, முடிச்சு எப்படிப் போட வேண்டும் என்று கால் மணி நேரம் விளக்கினார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அண்ணாத்த எந்தக் குப்பம்?” என்றார். மாமா சிரித்துக்கொண்டே தன் கடை விலாசத்தைச் சொன்னார். கிண்டல் அவர் பக்கம் போய்ச் சேராது. வழியிலேயே செத்துவிடும்.

ஒரே ஓர் இடத்தில்தான் அவர் வாய் மூடியிருக்கும். அது அவர் கடை. எரிந்துபோன ஐந்து ஹார்ஸ்பவர் மோட்டாரைத் திறந்து வைத்துக்கொண்டு செம்புக் கம்பியைச் சுற்ற உட்கார்ந்தார் என்றால், கூப்பிட்டால்கூட ஏனென்று கேட்க மாட்டார். அவர் கட்டிய மோட்டார் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. உண்மையிலேயே தெரிந்த வேலையைப் பற்றி மட்டும் அவர் யாருக்கும் பேசிக் எடுத்ததில்லை. இதை நான் அப்போது யோசிக்கவில்லை. யோசிக்கிற அளவுக்கு அவர் மேல் எனக்கு மரியாதையும் இல்லை.

இன்னொரு கிறுக்கு, எட்டு. ஊரெல்லாம் பேரில் ஓர் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் எழுதிக்கொண்டிருந்த தொண்ணூறுகளில் அவரும் எண்கணிதத்தில் விழுந்தார். பிறந்த தேதி ஒன்பது, அதனால் ஒன்பது ராசி. எட்டு சனியன். ஏழு இட்லியோடு எழுந்துவிடுவார், இல்லையென்றால் ஒன்பதாவதையும் தின்றுவிட்டு மூச்சு வாங்குவார். கடையில் எட்டு மோட்டார் சேர்ந்துவிட்டால் ஒன்றைத் தூக்கி வீட்டு வாசலில் வைத்துவிடுவார். “இன்னாடா இது, வூட்டு வாசல்ல காயலான் கட” என்று அவர் அம்மா கத்துவார்.

இப்படிப்பட்டவர் கைக்குத்தான் ரிமோட் ரேஸ் கார் வந்து சேர்ந்தது.

சிங்கப்பூரில் இருந்த அவருடைய சித்தப்பா மகன் ஒருமுறை வந்தபோது ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்தான். முழங்கை நீளத்துக் கார்கள், பார்க்க ரோட்டில் ஓடும் கார்களைப் போலவே இருந்தன. பேட்டரியில் ஓடின. வழவழப்பான தரையில் சீறிக்கொண்டு போயின. இதற்கு டூரிங் கார் ரேஸ் என்று பேராம். மாமா அதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். முப்பத்தைந்து வயது மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது. உடனே இரண்டு கார் வேண்டுமென்று கேட்டார். இரண்டும் பிரித்த பாகங்களாகவே வரவேண்டும், கையால் பூட்டினால்தான் பேசிக் தெரியும். கூடவே ஒரு கண்டிப்பான நிபந்தனையும் வைத்தார். இரண்டு காருக்கும் கிரிஸ்டல் ஒன்பதாம் நம்பராகத்தான் இருக்க வேண்டும்.

கிரிஸ்டல் என்பது புளியங்கொட்டை அளவில் ஒரு தகரத் துண்டு. ரிமோட்டில் ஒன்று, காரில் ஒன்று செருக வேண்டும். எந்த நம்பரை ரிமோட்டில் செருகுகிறோமோ அந்த நம்பர் கார்தான் அதற்குக் கீழ்ப்படியும். பல கார்கள் ஒரே இடத்தில் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் நம்பரையே பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த உலகத்தில் ராசி பார்த்து இரண்டு காருக்கும் ஒரே நம்பர் கேட்டு வாங்கிய முதல் மனிதர் எங்கள் மாமாவாகத்தான் இருப்பார்.

பூட்டுகிற வேலை இரண்டு வாரம் நடந்தது. படம் போட்ட புத்தகம் ஒன்று பெட்டியிலேயே இருந்தது. படம் பார்த்துப் பூட்டுவது பேசிக் தெரியாதவன் வேலை என்று அதை மூடிவைத்தார். காரின் மேல்கூடு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். அதற்கு உள்பக்கம்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும், வெளியே ஒட்டியிருக்கும் மெல்லிய தாளைக் கடைசியில் உரித்துவிட வேண்டும். மாமா வெளியே அடித்தார். சிவப்பில் இரண்டு பூச்சு, மேலே மஞ்சள் கோடு, கதவில் பெரிய ஒன்பது. ஒருநாள் முழுக்கக் காயவைத்து, எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தத் தாளை உரித்தார். சிவப்பு, மஞ்சள், ஒன்பது எல்லாம் தாளோடு சுருண்டு அவர் கைக்கு வந்தன. கார் பிறந்தமேனிக்கு நின்றது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாள். மறுநாள் மாமா மிச்சமிருந்த சிவப்பை உள்பக்கம் அடித்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் காரின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். கார் ஒன்றரைக் கிலோதான் இருக்கும், எலுமிச்சம்பழம் அதைவிடக் கெட்டி. கார் பழங்களின் மேலேறி அந்தரத்தில் உட்கார்ந்துகொண்டது. மாமா கற்பூரம் காட்டிவிட்டு ரிமோட்டை அழுத்த, நான்கு பழமும் நான்கு பக்கம் பறந்தன. ஒன்று அவர் அம்மாவின் தட்டில் இருந்த பொரியில் போய் விழுந்தது. “மோட்டாருக்குப் பவரு பாத்தியா மச்சான்!” என்றார்.

அந்த மோட்டாரையும் அவர் சும்மா விடவில்லை. உள்ளே கம்பி இருபத்தேழு சுற்று. இரண்டும் ஏழும் ஒன்பது என்று முதலில் சந்தோஷப்பட்டார். பிறகு சுற்றுக் குறைந்தால் வேகம் கூடும் என்று எங்கேயோ படித்துவிட்டு, நேராக ஒன்பது சுற்றே கட்டிவிடலாமென்று பிரித்துக் கட்டினார். கார் ஒரு தடவை துள்ளியது. ஊதுபத்தி போலப் புகை வந்தது. அவ்வளவுதான். பம்ப்செட் மோட்டாரில் கோட்டைவிடாத கை, விளையாட்டு மோட்டாரில் விட்டது. சிங்கப்பூரிலிருந்து வேறு மோட்டார் வரவழைக்க வேண்டியிருந்தது. எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்ததை மறைப்பானேன்.

ஓட்டுவதற்கு இடமாக, அவருடைய சிநேகிதர் ஒருவரின் அரிசி ஆலைக் களம் கிடைத்தது. வழவழப்பான சிமென்ட் தரை. காய்ந்த நெல்லை நான்கு மணிக்கு வாரிவிடுவார்கள். பாரிமுனையில் வேலை முடிந்து மின்சார ரயிலில் வருகிற நான் வாரநாட்களில் போக முடியாது, சனி ஞாயிறுகளில் போவேன். அக்கா தினமும் போனாள், தண்ணீரும் துடைக்கிற துணியும் எடுத்துக்கொண்டு.

முதல் நாளே ராசி வேலையைக் காட்டியது. ஒரு ரிமோட்டை அழுத்தினார், இரண்டு காரும் கிளம்பின. ஒன்று நேராகப் போனது, இன்னொன்று நெல் குவியலுக்குள் புகுந்து காணாமல் போனது. ஒன்றை ஓடவிட்டு இன்னொன்றை அணைத்து வைத்தால்தான் பிழைப்பு. இரண்டு கார் வாங்கி, இரண்டையும் ஒன்றோடொன்று ஓட்டிப் பார்க்கவே முடியாமல் வருஷக்கணக்காக வைத்திருந்த வீடு அது.

ஆனால் மாமாவின் பெரிய கஷ்டம் கிரிஸ்டல் இல்லை. கார் நம்மைவிட்டுப் போகும்போது இடது இடதுதான். திரும்பி நம்மைப் பார்த்து வரும்போது நம் இடது காருக்கு வலதாகிவிடும். இதைக் கை பழகிக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை. மாமாவின் கை கடைசிவரை பழகவில்லை. அதற்கு அவர் ஓர் உபாயம் கண்டுபிடித்தார். கார் போகும்போது அதைப் பார்த்து நிற்பார். வரும்போது சட்டென்று திரும்பி அதற்கு முதுகைக் காட்டி, கழுத்தை மட்டும் ஒடித்துத் தோளுக்கு மேலே பார்ப்பார். ஒவ்வொரு சுற்றுக்கும் இப்படி. ஐந்து நிமிஷம் ஓட்டினால் சாமி வந்தவர் மாதிரி தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார்.

அக்காவுக்கு அது பழக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சும்மா பிடித்துப் பார் என்று ஒருநாள் கொடுத்தார், அவள் களத்தின் நான்கு மூலையையும் தொட்டுக்கொண்டு ஓட்டினாள். எப்படி என்று நான் கேட்டேன்.

“இன்னாடா கஷ்டம் இதுல? கண்ணாடி பாத்து வகுடு எடுக்கறேன் இல்ல? அப்பிடித்தான். வண்டிக்குள்ளாற நாம உக்காந்துக்கினு கீறோம்னு நெனச்சுக்க” என்றாள்.

தினமும் களத்தில் கிடைக்கிற ஒரு மணி நேரம் அவளுக்கு எவ்வளவு பெரிது என்பதை அவள் முகத்தில் பார்க்கலாம். காலை ஐந்து மணிக்கு ஆரம்பிக்கிற மாமியார் குரல் களத்துக்கு எட்டாது. அங்கே அவளை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். கட்டை விரல் இரண்டும் ரிமோட்டில், கண் காரில். உதட்டைக் கடித்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரி நிற்பாள்.

ஆலை ஆட்கள் யாராவது வந்துவிட்டால் மாமா பாய்ந்துபோய் அவள் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வார். “சார்ஜு கீதான்னு செக் பண்ணச் சொன்னேன், அவ்ளோதான்” என்பார், கேட்காதவர்களிடம்கூட. பெண்டாட்டி நன்றாக ஓட்டுவதைப் பொறுக்க முடியாத மனிதர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவோ தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு வேறு நடந்தது. இதே மாதிரி கார் வாங்கியிருந்த ஒரு பல் டாக்டரும் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரரும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தார்கள். மாமா அவர்களை நிற்கவைத்து, பேட்டரியை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் இரண்டு பேரும் அவரைச் சுற்றுக்கணக்கில் தோற்கடித்தார்கள். “யாரோட ஸ்டூடண்ட்டு!” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். இந்த மனிதரை எதைக் கொண்டு அடிப்பது?

அடி அவர் அம்மாவிடமிருந்து வந்தது. ஒரு சித்திரை மாதம், நெல் கருகிக்கொண்டிருந்த நேரம். கிராமத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, மோட்டார் கொடுத்து நான்கு நாளாகிறது என்று கத்திவிட்டுப் போனார். அம்மா மாமாவை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“ஊருக்குத் தண்ணி இல்ல, நீ களத்துல பொம்மக் காரு வுட்டுக்கினு கீற. கூட அவளையும் இட்டுக்கினு. ஊரு இன்னா பேசுதுன்னு தெரியுமா?”

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அடுத்த மாசம் மகாபலிபுரத்துல ரேஸு. கப்போட வரேன் பாரு. வரலன்னா ரெண்டு காரையும் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிப் போட்டுடறேன். உம்மேல சத்தியம்!” என்றார்.

அம்மா மேல் சத்தியம் செய்தால் அந்த வீட்டில் அது நடந்தே தீரும். அக்கா சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். ஓட்டத் தெரியாதவர் வாய்விட்டதற்கு ஓட்டத் தெரிந்தவளுடைய கார் போகப்போகிறது. “உங்க மாமா வாயி இருக்குதே...” என்று ஆரம்பித்தவள் முடிக்காமலே உள்ளே போய்விட்டாள்.

சென்னைக்காரர்கள் நடத்திய ரேஸ் அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியின் கார் நிறுத்துமிடம். தோட்டத்துக்குத் தண்ணீர்விடும் குழாய்களை வளைத்துப் போட்டுப் பாதை அமைத்திருந்தார்கள். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றவர்கள் நடுவே, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் நசுங்கி வந்த நாங்கள் மூன்று பேர். மாமா கையில் கார்ப் பெட்டி. அக்கா கையில் ஒயர் கூடை, அதில் புளிச்சோறும் இரண்டாவது ரிமோட்டும். ஸ்பேர் இல்லாமல் போகக் கூடாது, அது பேசிக். ரிமோட்டுக்குத்தான் ஸ்பேர், பேட்டரிக்கு இல்லை. ஒரு ரிமோட்டுக்குச் சின்ன பேட்டரி எட்டு வேண்டும். எட்டா! மாமா அதற்கும் வழி கண்டிருந்தார். அக்காவின் நகப்பூச்சால் ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதியிருந்தார். ஒன்று முதல் ஏழு வரை, பிறகு ஒன்பது. எட்டு பேட்டரி, ஆனால் எட்டு கிடையாது.

அவர்கள் அவருக்குக் கொடுத்த ஸ்டிக்கர் நம்பர் எட்டு. புதியவர்கள் பிரிவில் மொத்தமே எட்டுப் பேர், இவர் கடைசியாகப் பேர் கொடுத்தவர். அரை மணி நேரம் வாதாடிப் பார்த்துவிட்டு, பிளேடால் எட்டின் இடுப்புக்குக் கீழே ஒரு பக்கத்தைச் சுரண்டி ஒன்பதாக்கி ஒட்டினார்.

பலகை ஒன்றில் கிரிஸ்டல் நம்பர் போட்ட துணி கிளிப்புகள் மாட்டியிருந்தன. தன் நம்பர் கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்டவர்தான் ரிமோட்டை ஆன் செய்யலாம். அங்கிருந்தவர்களில் ஒன்பதாம் நம்பர் கிரிஸ்டல் மாமாவிடம் மட்டும்தான். “பாத்தியா, நமக்குன்னே வுட்டு வெச்சிருக்கான்” என்றார்.

காலையில் தகுதிச் சுற்று. ஓட்டுகிறவர்கள் வரிசையாகப் போட்ட மேசைகள்மேல் ஏறி நிற்க வேண்டும். கவிழ்ந்த காரை நிமிர்த்த ஒவ்வொருவரும் ஓர் ஆளைத் தர வேண்டும், எங்கள் ஆள் நான். என்னை மேசைக்கு நேர் கீழே இருந்த வளைவில் நிறுத்தினார்கள். மாமா மேசைமேல் ஏறினார். கார் போனது, பார்த்தார். கார் வந்தது, திரும்பி முதுகைக் காட்டினார். மறுபடி திரும்பினார். பக்கத்தில் நின்றவர் இடம் கொடுக்க முடியாமல் கீழே குதித்துவிட்டார். சென்னைக்காரர்கள் தங்கள் காரை விட்டுவிட்டு மாமாவையே பார்த்தார்கள், ஒருவர் போட்டோகூட எடுத்தார். கார் குழாயில் ஏறி, என் காலடியில் கவிழ்ந்து, நாற்காலிக்கடியில் புகுந்து, கடைசியாக வந்தது. நல்லவேளையாக எட்டுப் பேருமே தகுதி. மதியம் மூன்று மணிக்கு இறுதிப் போட்டி, முதல் மூன்று பேருக்குக் கப்பு.

சவுக்கு மரத்தடியில் புளிச்சோறு சாப்பிட்டோம். மாமாகூடப் பேசவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. கை கழுவப் போனவன் அப்படியே கடற்கரைப் பக்கம் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மூன்று மணிக்குக் கார்கள் கிளம்பின. எங்கள் சிவப்புக் கார் முதல் வளைவில் யாரையும் தொடாமல் நுழைந்து வெளியே வந்தது. எனக்கு நம்ப முடியவில்லை. இரண்டாவது சுற்றில் ஒருவரை முந்தியது, நான்காவதில் இரண்டு பேரை. மேலே பார்த்தேன். மாமா அசையாமல் நேராக நின்றுகொண்டிருந்தார். ஒரு தடவைகூட முதுகைக் காட்டவில்லை. பரவாயில்லையே, மனிதருக்கு ஞானம் வந்துவிட்டதே என்று நினைத்தேன். சுற்று எண்ணுகிறவர், “ஒன்பது யாருப்பா? லிஸ்ட்லயே இல்லையே!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில் எங்கள் கார் முதலாவதாக வந்துவிட்டது. நான் குஷியில் மறுபடி மேலே பார்த்தேன். மாமாவின் ரிமோட்டில் சிவப்பு விளக்கு எரியவில்லை.

ரிமோட் ஆஃப். கார் ஓடிக்கொண்டிருக்கிறது.

தலையைத் திருப்பி அக்காவைத் தேடினேன். குட்டைச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தாள். தோளில் சாய்த்த கறுப்புக் குடை, மடியில் ஒயர் கூடை, கூடைக்குள் இரண்டு கையும். வேர்க்கடலை உரிக்கிறாள் என்று இத்தனை நேரம் நினைத்திருந்தேன். குடைக் கம்பியை ஒட்டி இன்னொரு கம்பி மேலே போனது, வெயிலில் மின்னியது. அது ரிமோட்டின் ஏரியல். உதட்டைக் கடித்துக்கொண்டு, களத்தில் நிற்கிற அதே முகம்.

நான் வாயைப் பிளந்துகொண்டு ஓர் அடி முன்னால் வந்துவிட்டேன் போலிருக்கிறது. கடைசிச் சுற்றில் முழு வேகத்தில் வந்த கார் என் வலது காலில் மோதி நின்றது. அதை நான் எடுத்து விடுவதற்குள் ஒருவர் தாண்டிவிட்டார். எங்களுக்கு இரண்டாமிடம்.

மாமா கப்பு வாங்கினார், கை குலுக்கினார், கேட்ட இரண்டு பேருக்குப் பேசிக் சொன்னார். சாமான்களைக் கட்டும்போது அவர் ரிமோட்டைத் தூக்கினேன், காற்றாக இருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு பேட்டரிகூட இல்லை. அக்காவின் கூடையில் கைவிட்டு அந்த ரிமோட்டைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று நகப்பூச்சு எழுதிய எட்டு பேட்டரியும் வரிசையாக இருந்தன, கடைசியில் ஒன்பது. அவர் அசந்த நேரத்தில் அக்கா உருவியிருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். அவள் என் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி, “வாய மூடிக்கினு வா” என்றாள்.

கார்கள் பிழைத்தன. கப்பு டிவி மேல் ஏறியது. அம்மாவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. “சாம்பியனு பிராக்டீஸு பண்ணாம இருக்க முடியுமா?” என்று மாமா தினமும் களத்துக்குக் கிளம்பினார், துணைக்கு அக்காவும்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் அந்தக் கதையை நான் கேட்காத கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. கதையில் ஒவ்வொரு வருஷமும் கார்களின் எண்ணிக்கை கூடியது, என் கால் நீண்டது. “லாஸ்ட் ரவுண்டு. நம்ம வண்டி ஃபர்ஸ்ட்டு. குறுக்க இவன் காலு!” முடிவு எப்போதும் என் கால்தான். கூட்டம் என் காலைப் பார்க்கும். நான் சிரித்துக்கொள்வேன். முட்டாளே, ஓட்டியது யாரென்று உனக்கே தெரியாது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு சிரிப்பேன். அது ஒரு சுகம்.

கூடுவாஞ்சேரியில் நான் சின்னதாக ஒரு வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்த அன்று அந்தச் சுகம் போதாமல் போயிற்று. ஹோமப் புகை, மூன்று நாள் தூக்கமில்லை, சமையல்காரர் தாமதம். மாமா கூடத்தில் என் ஆபீஸ்காரர்கள் நடுவே உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டார். முதலில் வீடு கட்டுவதன் பேசிக். அப்புறம் ரேஸ். “இவன் காலு இருக்குதே, இவன் காலு...” என்று என் மேலதிகாரிக்குக் காலைக் காட்டினார்.

“போதும் மாமா!” என்று கத்தினேன். “ஓட்டினது நீங்களா? உங்க ரிமோட்டுல பேட்டரியே இல்ல. ஓட்டினது அக்கா. குடைக்குள்ள வெச்சு ஓட்டினா. உங்களுக்கு அதுகூடத் தெரியாம இத்தினி வருஷமா பீத்திக்கினு கீறீங்க!”

மாமா என்னைப் பார்த்தார். மறுக்கவில்லை. மூலையில் நாற்காலியில் இருந்த அவர் அம்மாதான் முதலில் பேசினார்.

“மருமவளா ஓட்டினா? அதான் கப்பு வந்துச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சேர்ந்து சிரித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அக்கா வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புதுச் சமையலறைக்குள் போனாள்.

“இன்னாடா பேசின? பேட்டரிய நான் திருடினேன்னா நெனச்சுக்கினு இருந்த?”

“பின்ன?”

“நீ கை கழுவப் போன பாரு, அப்போ அவரே கழட்டி என் கூடையில போட்டாரு. எனக்கு வராது, நீ ஓட்டு, நான் மேல நிக்கறேன்னாரு. அவ்ளோதான். பேசிக்குன்னு ஒரு வார்த்த சொல்லலடா. அந்தக் குடை ஐடியாவும் அவருதுதான்.”

“அப்புறம் எதுக்கு ஊரெல்லாம் பீத்திக்கிட்டாரு?” என்றேன்.

“அவரு பிராக்டீஸுன்னு போனாதானடா நான் கூடப் போவ முடியும்? எங்க அத்தை என்னைத் தனியாவா வுடுவாங்க?” என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். “பீத்திக்கறதும் அவருக்குப் புடிக்கும். இல்லன்னு சொல்ல முடியாது.”

களத்தில் ஆட்களைக் கண்டதும் அவர் பாய்ந்து வந்து ரிமோட்டைப் பிடுங்கியது ஞாபகம் வந்தது. சார்ஜ் செக் பண்ணச் சொன்னேன் என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொன்னது ஞாபகம் வந்தது. ஏழெட்டு வருஷம் நான் உள்ளுக்குள் சிரித்த சிரிப்பெல்லாம் திரும்பி வந்து என் முகத்திலேயே அறைந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

காலி டம்ளரோடு மாமா சமையலறைக்குள் வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், “மாமா, தப்பா பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க” என்றேன்.

“அத வுடு” என்றார். டம்ளரை மேடையில் வைத்தார். குனிந்து என் வலது காலைப் பார்த்தார். அவர் குரலில் அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கோபம் கேட்டது, இத்தனை வருஷமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.

“அவ ஃபர்ஸ்ட்டு வந்துகினு இருந்தா மச்சான்” என்றார். “லாஸ்ட் ரவுண்டு. நீ காலை வுட்ட.”